கடன் போன கார்புரேட்டர்

கேட்டால் கழற்றிக் கொடுத்துவிடுவார். மீசைக்காரருக்கு இருந்த ஒரே வியாதி அதுதான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மீசையை எடுத்து எத்தனையோ வருடமாகியும் பட்டப்பெயர் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. பழைய கார் பைத்தியங்கள் நான்கு பேர் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அவர் வீட்டு ஷெட்டில் ஆஜராகிவிடுவார்கள். மீசைக்காரர், ஒரு பெயிண்டர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், அப்புறம் ஒரு பல் டாக்டர். நான்கு பேரிடமும் ஒரே மாடல் வண்டி. அதைச் செய்த கம்பெனியே மூடியாகிவிட்டது. கடையில் போய் உதிரி பாகம் கேட்டால் சிரிக்கிறார்கள். ஆகவே ஒருவர் வண்டி படுத்துக்கொண்டால், இன்னொருவர் வண்டியின் வயிற்றில் கைவைத்துத்தான் அதை எழுப்பவேண்டும். அந்த இன்னொருவர் யார்? மீசைக்காரர்தான், வேறு எந்த ஏமாளி இருக்கிறான்?

பெயிண்டருக்கு டைனமோ போகும். பஸ் டிரைவருக்கு ஹாரன் போகும். போனது திரும்பி வரும்தான். வருவதற்குள் இன்னொன்று கிளம்பிவிடும். மீசைக்காரர் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நம்ம வீட்டுல நிக்கிறது காரா, இல்ல பொது லைப்ரரியா? வர்றவன் போறவனெல்லாம் ஒண்ணை எடுத்துக்கிட்டுப் போறான்!"

"திரும்பி வந்துரும்மா."

"வரும், வரும். வழியில நாம நிக்கும்போது பறந்து வரும்."

சொன்னாளே தவிர, அந்த வண்டிமேல் அவளுக்கும் உயிர்தான். ஐம்பது வயதுக்கு மேல் அவளை உட்காரவைத்து அவர் ஓட்டக் கற்றுக்கொடுத்த வண்டி அது. முதல் வாரமே கிளட்சை வெடுக்கென்று விட்டு ஷெட் கதவில் கொண்டுபோய் இடித்தாள். திட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டவளிடம், "அந்தக் கதவை மாத்தணும்னு நானே நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். அந்த மனுஷனோடு சண்டை போடுவதே பெரும்பாடு. எதிராளிக்கும் கொஞ்சம் கோபம் வந்தால்தானே சண்டை!

வருடத்துக்கு ஒரு முறை நான்கு வண்டிகளும் வரிசையாகக் கிளம்பி மலைப்பக்கம் சுற்றிவிட்டு வரும். வருடம் பூராவும் நடக்கிற மராமத்தெல்லாம் அந்த ஒரு வாரத்துக்காகத்தான். இந்த வருடம் கிளம்புவதற்கு முந்தின நாள் பல் டாக்டர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தான். அவன் வண்டியின் கார்புரேட்டரில் விரிசல். பெட்ரோலும் காற்றும் கலந்து இன்ஜினுக்குப் போவதே அதன் வழியாகத்தான். அது இல்லையென்றால் வண்டி வெறும் தகரம். முதல் தடவையாக அவன் வண்டி ஊர் தாண்டப் போகிற வருடம் வேறு. அழாத குறையாக நின்றான்.

"என்னுதைக் கழட்டிக்க" என்றார் மீசைக்காரர்.

"அப்ப நீங்க எப்படிண்ணே வருவீங்க?"

"எனக்கு முதுகு வலிடா, நான் வரலை. என் வண்டியும் சரியில்லை. இன்ஜின்ல என்னமோ போயிடுச்சு, பிரிச்சாத்தான் தெரியும். சும்மா கிடக்கறது உனக்காவது உதவட்டும்."

பச்சைப் பொய். அன்று காலையில்தான் புருஷனும் பெண்டாட்டியும் அதே வண்டியில் மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி வாங்கிவந்திருந்தார்கள். டீ டம்ளரோடு வாசலில் நின்றவள் வாயைத் திறந்தாள். மீசைக்காரர் பல் டாக்டருக்குத் தெரியாமல் அவளைப் பார்த்துக் கண்ணடித்தார். இவள் வாயை மூடிக்கொண்டாள். அன்றைக்கு ஏன் மூடிக்கொண்டோம் என்று பிற்பாடு தலையில் தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்று வண்டிகளும் மலைக்குப் போய்விட்டன. மறுநாள் மத்தியானம், சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அவள் ஷெட்டுக்குப் போனாள். அவர் வண்டியின் முன்சீட்டில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இடத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். "வந்துக்கிட்டே இருக்கும்மா" என்றார்கள். வந்துகொண்டே இருந்தது, வரவில்லை. தெருவில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்த நேரம். எந்த வீட்டு வாசலிலும் ஒரு வண்டி இல்லை. ஆஸ்பத்திரி ஒன்றும் வெகுதூரமில்லை. அவள்தான் ஓட்டுவாளே! ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். உள்ளே மோட்டார் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பதற்றத்தில் அவளுக்கு எதுவுமே நினைவில்லை. பற்றிக்கொள்ளாதா என்று மறுபடி மறுபடி திருப்பினாள்.

அவர் அவள் கையைப் பிடித்தார். "விடும்மா. கார்புரேட்டர் டாக்டர்கிட்ட இருக்கு."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஐயோ என்று வண்டியின் மேலேயே அடித்துக்கொண்டாள்.

"அவன்கிட்ட இதைச் சொல்லிடாதே" என்றார். மூச்சு வாங்கியது. "தாங்கமாட்டான், சின்னப்பய."

அதற்கப்புறம் அவர் எதுவும் பேசவில்லை. ஆம்புலன்ஸ் வந்தபோது அவசரப்பட ஒன்றும் மிச்சமில்லை.

பாதி வழியில் செய்தி கேட்டு மூவரும் திரும்பி வந்தார்கள். எல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு பல் டாக்டர் மட்டும் போகாமல் சமையலறை வாசலில் வந்து நின்றான். தூங்காத கண்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு வண்டி... நான் அதைக் கழட்டாம இருந்திருந்தா, ஓடியிருக்குமா?"

ஓடியிருக்கும்டா பாவி, ஜம்மென்று ஓடியிருக்கும். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள்.

"எங்க ஓடியிருக்கும்? அண்ணன்தான் அன்னைக்கே உன்கிட்ட சொன்னாருல்ல, இன்ஜின் போச்சுன்னு. நீ கண்டதையும் நெனச்சு மனசைக் குழப்பிக்காதே. போய்ச் சாப்பிடு."

அவன் அங்கேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். பிறகு அவள் போட்டுக்கொடுத்த சோற்றைச் சாப்பிட்டான். அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்ததை அவள் கண்ணாலேயே பார்த்தாள். அவளுக்கோ அந்தப் பொய் தொண்டையில் மாட்டிய முள்ளாகக் கிடந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்களெல்லாம், "ஏன் இப்படி இறுகிப்போய் இருக்கே, வாய்விட்டு அழும்மா" என்றார்கள். வாயைத் திறந்தால் அழுகையோடு அதுவும் வெளியே விழுந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

இரண்டு மாதம் கழித்து மூவரும் சேர்ந்து வந்தார்கள். அண்ணன் வண்டியை இப்படிப் போட்டுவைக்கக் கூடாது, இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்து ஓடவைத்தே தீருவோம் என்று நின்றார்கள்.

"வேண்டாம்ப்பா. ஓடி எனக்கென்ன ஆகப்போகுது?"

"நீங்க ஓட்டணும்க்கா" என்றான் பல் டாக்டர். "செலவு, வேலை எல்லாம் எங்க பொறுப்பு. நீங்க டீ மட்டும் போட்டுக் கொடுங்க."

தலைகீழாக நின்று பார்த்தாள், கேட்கவில்லை. அன்பு காட்டுகிறவர்களை என்ன சொல்லித் துரத்துவது? சனிக்கிழமை சாயங்காலம் ஷெட்டுக்குப் போய் பானெட்டைத் திறந்தாள். வண்டி ஓடிவிட்டால் அவள் பொய் அம்பலமாகிவிடும். பிளக்குகளுக்குப் போகிற ஒயர்களைப் பிடுங்கி, ஒன்றின் இடத்தில் ஒன்றை மாற்றிச் செருகினாள். அவருக்கு எடுபிடியாக நின்று கற்றுக்கொண்ட வித்தை அவ்வளவுதான்.

அந்த வித்தை இவர்களிடம் எத்தனை நேரத்துக்குச் செல்லும்? ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் தூக்கிய உடனே பெயிண்டர் கண்டுபிடித்துவிட்டார்.

"எந்த மகானுபாவன்யா இப்படி ஒயரை மாத்தி மாட்டினது?"

"அண்ணன் கண்ணைக் கட்டிக்கிட்டு மாட்டினாலும் தப்பா மாட்டமாட்டாரே" என்றான் பல் டாக்டர். ஒயர்களின் மேல் படிந்திருந்த தூசியில் புதுசாக விரல் பட்ட தடங்கள் இருந்தன. அவன் அவற்றையே பார்த்தான். இவள் டீத் தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போகப் பார்த்தாள். "நீங்க நில்லுங்கக்கா, நீங்க இல்லாமலா" என்று பஸ் டிரைவர் அவளை நிறுத்திவிட்டார்.

ஒயர்களை அதனதன் இடத்தில் சரியாகச் செருகினார்கள். புது பேட்டரி, புது பெட்ரோல். பல் டாக்டர் ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்த கார்புரேட்டரை வெளியே எடுத்தான். கிளினிக்கில் வைத்துப் பல்லைச் சுத்தம் செய்வதுபோல் ஒவ்வொரு துளையாகச் சுத்தம் செய்து பளபளவென்று வைத்திருந்தான். அதை அதன் இடத்தில் உட்காரவைத்துத் திருகாணிகளை முடுக்கினான்.

"பிரிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை சாவி போட்டுப் பாத்துடுவோம்" என்றார் பஸ் டிரைவர். "எந்தப் பக்கம் சத்தம் வருதுன்னாவது தெரியட்டும்."

அவர் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பு. இருமவில்லை, தும்மவில்லை. இன்ஜின் பிடித்துக்கொண்டு சீராக ஓட ஆரம்பித்தது.

பெயிண்டர் விசிலடித்தார். பஸ் டிரைவர் கண்ணீர் வழிய, "மீசை, கேக்குதாய்யா?" என்று கத்திக்கொண்டே ஆக்ஸிலேட்டரை மிதித்தார். இரண்டு பேரும் குழந்தைகள் மாதிரி குதித்தார்கள். பல் டாக்டர் மட்டும் குனிந்த தலை நிமிராமல் இன்ஜினையே கேட்டுக்கொண்டிருந்தான். கோளாறு ஏதாவது காதில் விழாதா என்று காத்திருந்தான். ஒன்றும் விழவில்லை. பிறகு மெதுவாக நிமிர்ந்து அவளைப் பார்த்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

பக்கத்தில் வந்தான். "அக்கா, இன்ஜின்ல ஒண்ணுமே இல்லையே."

அவள் கையிலிருந்த டீத் தட்டைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு நீங்க சாவி போட்டுப் பாத்தீங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்காகத்தானே இத்தனை நாள் வாயைக் கட்டிவைத்திருந்தாள். அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

"பாத்தேம்ப்பா" என்றாள். "அண்ணன் பக்கத்துல உக்காந்திருந்தாரு. உன்கிட்ட சொல்லிடாதேன்னாரு."

அவன் வண்டிச் சக்கரத்தின் ஓரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டான். சத்தம் வராத அழுகை. தோள் மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டது. அவளும் தரையில் உட்கார்ந்து அவன் தலையில் கைவைத்தாள். இரண்டு மாதமாக வராத கண்ணீர் அவளுக்கு இப்போது நிற்காமல் வந்தது. உள்ளேயிருந்த பஸ் டிரைவர் எதையும் பார்க்காமல் சந்தோஷமாக ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்தார்.

"உங்க அண்ணனுக்கு உன்மேல கோபமே வரலைடா" என்றாள் அந்தச் சத்தத்தின் நடுவே. "எனக்குத்தான் வந்துச்சு. இன்னும் போகலை."

சொல்லிவிட்டாளே தவிர, அவன் தலையிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை.