தரையைப் பார்க்கும் விளக்குகள்

என் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். எங்கள் தோட்டத்தில் எது பூத்தது, எது பட்டுப்போனது என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்தவரில்லை. அப்படிப்பட்டவர் திடீரென்று தோட்டத்துக்கு விளக்கு போட்டே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் சந்தேகம் வராது? வேலிக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு தையல்காரி குடிவந்திருந்தாள். அவள் ஜன்னல் எங்கள் நடைபாதையைப் பார்த்தபடி இருந்தது. போதாதா?

எலக்ட்ரீஷியன் பள்ளம் தோண்டும்போதே தலையைச் சொறிந்தார்.

"எல்லாரும் கொய்யா மரத்துக்கு அடியில வெச்சு மேல அடிக்கச் சொல்வாங்க அக்கா. இலையெல்லாம் தகதகன்னு இருக்கும். அண்ணன் மரமே வேண்டாங்கிறார். படிக்குப் படி ஒண்ணு, பாதை ரெண்டு பக்கமும் வரிசையா, அதுவும் தரையைப் பார்த்து. இதுல என்ன அழகு இருக்கு?"

"அவரு ரசனை அப்படி," என்றேன். என் கண் அந்த ஜன்னல் மேலேயே இருந்தது.

வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் "பொழுது சாயும்போது மறக்காம போட்டுடு" என்பார். ஒருநாள் மறந்துவிட்டேன். உள்ளே வராமல் கேட்டிலேயே நின்றுகொண்டு தெருவே கூடும்படி கத்தினார். மறுநாள் தையல்காரி என்னைப் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்டுக்காரருக்கு என்ன ரசனைங்க!" என்று பல்லைக் காட்டினாள். அன்றே முடிவு செய்தேன், இந்தக் கூத்தைக் கையும் களவுமாகப் பிடிப்பதென்று.

சாயங்காலம் அவர் கேட்டைத் திறந்து பாதி வழி வந்ததும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். யார் ஜன்னல் திறக்கிறது, யார் பதறுகிறார்கள் என்று பார்க்கத்தான்.

ஜன்னல் எதுவும் திறக்கவில்லை. வானத்தில் இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. கொய்யாக் காய்கள்கூட எனக்குத் தெரிந்தன. அவர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, காலால் படியைத் தேடினார்.

"ஏம்மா... கரண்ட் போயிடுச்சா?"

"உங்க எதிர்லதான் நிக்கிறேன்," என்றேன்.

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தனை நாளா இப்படி?"

"ஒரு வருஷமா. இருட்டினா கண்ணு தெரியல. வெளிச்சம் இருந்தா சமாளிச்சிடுவேன். யார்கிட்டயும் சொல்லிடாத, வேலை போயிடும்."

"அடுத்த வாரத்துல இருந்து ராத்திரி வண்டின்னு சொன்னீங்களே?"

"தெருவிளக்கு இருக்குல்ல. ரூட்டெல்லாம் எனக்கு மனப்பாடம்."

"ரோட்டுல குறுக்க வர்றவங்களும் மனப்பாடமா?"

இது அந்தத் தையல்காரி விவகாரமாகவே இருந்திருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன்.

"நாளைக்குக் காலைல டிப்போவுக்கு நானும் வர்றேன்."

"நீயே என்னைக் காட்டிக்கொடுப்பியா?"

"ஆமா," என்றேன். அவர் எழுந்திருக்கக் கையை நீட்டினேன். அதுவும் அவருக்குத் தெரியவில்லை.