அறுபத்து மூன்று கிலோ

திங்கட்கிழமை 61. செவ்வாய்க்கிழமை 61.5. புதன்கிழமை 62. மூன்று அட்டைகளிலும் எண்ணைத் தவிர வேறு ஒரு எழுத்துகூட இல்லை. ஒரே நீல மை, ஒரே கை.

சிங்கப்பூரில், சாங்கி சிறைக்கு இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி இருந்த அந்தச் சிறிய போர் நினைவுக்கூடத்தில் அருமைநாயகம் பதினோரு வருடமாகக் காவலாளி. ஜப்பான்காரன் காலத்தில் அடைபட்டுக் கிடந்தவர்களுக்காக, வருகிறவர்கள் இரண்டு வரி எழுதிப் பலகையில் குத்திவிட்டுப் போவார்கள். வெறும் எண்ணை எழுதியவர் இதுவரை யாருமில்லை.

"கிலோ கணக்கு லா, அங்கிள்," என்றாள் மேலாளர் மிஸ் ஓங். "எவ்வளவு சரக்கு வருதுன்னு யாரோ யாருக்கோ சொல்றாங்க." அடுத்த அட்டை வந்தால் போலீஸ்தான் என்று சொல்லி, ஆளைப் பிடிக்கும் வேலையை அவர் தலையில் கட்டினாள்.

அவருக்கும் அப்படித்தான் பட்டது. போதைத்தூள் கடத்துகிறவர்களுக்கு வேறு இடமா கிடைக்கவில்லை? அவருடைய அப்பா சயாம் ரயில்பாதை போட ஜப்பான்காரனால் இழுத்துப் போகப்பட்டவர். திரும்பி வந்தபோது முப்பத்து நாலு கிலோ. இதை அவர் மிஸ் ஓங்கிடம் சொல்லியிருக்கிறார், பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார், கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறார்.

வியாழக்கிழமை நாலு மணிக்குத் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அந்தப் பெண் வந்தாள். வாரம் முழுக்கப் பார்த்த முகம்தான். நாற்பது வயதிருக்கும். மார்போடு அணைத்த காகிதப் பை. வேறெதையும் பார்க்காமல் நேராக ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன் போய் நின்றாள். முகாம் டாக்டர் ஒருவர் கைதிகளின் எடையைக் குறித்து வைத்த நோட்டு அதில் இருந்தது. பிறகு பலகைக்கு வந்து அட்டையைக் குத்தினாள்.

63.

அருமைநாயகம் வழியை மறித்துப் பையைக் கேட்டார். அவள் மறுக்காமல் கொடுத்தாள். உள்ளே ஒரு புதுச் சட்டை, வயிற்றருகே ஒரு பட்டன் இல்லாமல்.

"யாரோடது?"

"தம்பியோடது. போட்டோ எடுக்கன்னு வாங்கிட்டு வந்தேன். பழைய அளவு, பத்தல. பட்டன் தெறிச்சிருச்சு."

எந்தப் போட்டோ என்று அவர் கேட்கவில்லை. தூக்குக்கு முன்னால் வீட்டார் கொடுக்கும் துணியைப் போட்டுப் படம் எடுத்துக் கொடுப்பார்கள் என்று அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் நம்பவில்லை. கண்ணீர் விட்டுக் காரியம் சாதிக்கிற கூட்டம் அவர் பார்க்காததா? அத்தாட்சி கேட்டார். அவள் நாலாக மடித்த சிறைக் கடிதத்தை நீட்டினாள். கிருபாகரன், வெள்ளிக்கிழமை விடியலில். உடலை யார் வாங்கிக்கொள்வது என்றும் கேட்டிருந்தது. இரண்டு தரம் படித்தார், முத்திரையைத் தடவிப் பார்த்தார்.

அவள் பெயர் சத்தியபாமா. எல்லை தாண்டி, மலேசியாவில் ஜொகூர் கூலாயிலிருந்து வருகிறாள். நாற்பத்திரண்டு கிராம் தூள் என்றாள், கேட்கும் முன்பே.

"அப்ப இந்த நம்பர்?"

"அவன் எடை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு சிரிக்கிறான் அங்கிள். கேட்டதெல்லாம் திங்கத் தர்றாங்க, ஏறிக்கிட்டே போறேன்க்கான்னு. எதுக்கு நிறுக்கிறாங்கன்னு அவனுக்கும் தெரியும்."

அருமைநாயகத்துக்கும் தெரியும். எடைக்குத் தகுந்த கயிற்று நீளம்.

அவருக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "அதுக்கு இங்கயா கொண்டாந்து குத்துவ? இவங்க என்னம்மா தப்பு பண்ணாங்க? எங்கப்பா யார் வீட்டுப் பிள்ளைக்குத் தூள் வித்தாரு?"

"ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்லலையே. அவன் செஞ்சது தப்புதான்." கண்ணாடிப் பெட்டியைக் காட்டினாள். ஒரே பெயருக்கு நேராக 58, 49, 41 என்று நோட்டில் இறங்கிக்கொண்டே போனது. "இந்த டாக்டர் காப்பாத்தணும்னு நிறுத்துப் பார்த்தாரு. அங்க..."

விடிகிற வரைக்கும் அந்த அட்டை பலகையில் இருந்தால் போதும் என்றாள். "ஒரு ராத்திரிதான் அங்கிள். தனியா இருக்கான்."

அவர் பையைத் திருப்பிக் கொடுத்து, பஸ் போய்விடும், கிளம்பு என்றார்.

பூட்டும் நேரத்துக்கு மிஸ் ஓங் நேராகப் பலகைக்குத்தான் வந்தாள். அட்டையைப் பார்த்ததும் கைப்பேசியை எடுத்துவிட்டாள்.

"வேணாம் மிஸ். அது நான் வெச்சது."

"நீங்களா?"

"எங்கப்பாவுக்கு."

அவள் அட்டையை உற்றுப் பார்த்தாள், பிறகு அவரை. "முப்பத்து நாலுன்னுதானே எப்பவும் சொல்வீங்க?"

"அது திரும்பி வந்தப்போ," என்றார் அருமைநாயகம். "இது போறப்போ."

மிஸ் ஓங் விரலால் மையை லேசாகத் தேய்த்துப் பார்த்தாள். அதே நீலம் விரலில் ஒட்டியது. முந்தைய மூன்று அட்டைகளைப் பற்றி அவள் கேட்பாள் என்று அவர் காத்திருந்தார். அவளோ அவர் கதவைப் பூட்டி முடிக்கும் வரை, கைப்பேசியை உள்ளே வைக்காமல், அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.