ஃபீபி சொன்ன சாட்சி

ராணிப்பேட்டையில் ஃபீபியைத் தெரியாதவர்கள் குறைவு. பகலில் ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை, சாயங்காலமானால் செல்போனைத் தூக்கிவைத்துக்கொண்டு ரீல்ஸ். நாற்பதாயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். அவளுடைய சபையில் பாதிப் பேர் அதில் அடக்கம்.

போன வருஷம் கம்பெனிப் பசை பட்டு அவள் கைகள் வெடித்துப் புண்ணாகிவிட்டன. வேலூர் ஆஸ்பத்திரி மாத்திரை மூன்று மாதத்தில் ஆற்றிவிட்டது. ஆறின கையைப் பார்த்துத்தான் ஒரு களிம்பு கம்பெனி அவளைத் தேடி வந்தது.

"விளம்பரம்னு மட்டும் போடாதீங்க மேடம், போட்டா யாரும் நம்ப மாட்டாங்க. ஆண்டவர் சுகம் குடுத்தாருன்னு உங்க சர்ச்சுல எழுந்து சாட்சி சொல்லுவீங்களே, அப்படிச் சொல்லுங்க" என்றாள் போனில் பேசிய பெண்.

ஃபீபிக்கு உறுத்தியது. உறுத்தல் என்ன செய்யும், பணம் வந்ததும் வாயை மூடிக்கொண்டது. எல்லாரும்தானே செய்கிறார்கள்! ரீல்ஸில் ஆறின கையைத் தூக்கிக் காட்டி, "இது என் சாட்சி. மாத்திரையெல்லாம் நிறுத்திட்டேன், இதை மட்டுந்தான் தடவினேன்" என்றாள். கண் கலங்கச் சொன்னாள், பாவி. டப்பாவின் மூடியைக்கூட அவள் திறந்ததில்லை.

நான்கு மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், சாட்சி சொல்கிற நேரத்தில் ஜெபகனி எழுந்தாள். தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்பில் ஊறின தோலோடு மல்லுக்கட்டுகிறவள். வெகுநாளாகச் சபைக்கு வரவில்லை. வலது கையில் பெரிய கட்டு.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். சுண்ணாம்பு பட்டு கையெல்லாம் புண்ணு. சுகரு வேற ஜாஸ்தி. ஃபீபி சிஸ்டர் சாட்சிய பாத்துட்டு, மாத்திரைய நிறுத்திட்டு அந்த மருந்தத்தான் தடவினேன். புண்ணு அழுகி ரெண்டு விரல எடுத்துட்டாங்க. சிஸ்டருக்கு சுகம் குடுத்த ஆண்டவரு எனக்குக் குடுக்கல. நான் இன்னா பாவம் செஞ்சேனோ, விசுவாசந்தான் கம்மியோ. எனக்காக ஜெபம் பண்ணுங்க."

அந்தக் குரலில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஃபீபி தாங்கியிருப்பாள். போதகர் ஜெபிக்கக் கண்ணை மூடினார். சும்மா இருந்தால் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை. வாயைத் திறந்தால் இனி இந்தச் சபையில் தலைகாட்ட முடியாது. ஆனால் ஜெபகனி சாகும்வரை தன்னையே நொந்துகொண்டிருப்பாளே!

ஃபீபி எழுந்தாள்.

"ஐயா, கொஞ்சம் இருங்க. நான் அந்த மருந்த தொட்டதே இல்ல. காசு வாங்கிட்டுதான் அப்படிச் சொன்னேன். என் கை ஆஸ்பத்திரி மாத்திரையிலதான் ஆறிச்சி."

பின்னாலிருந்து யாரோ "சீ" என்றார்கள். ஜெபகனி ஏசுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று ஃபீபி தலைகுனிந்து நின்றாள். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட இருந்தது.

ஜெபகனியின் முகமோ மெல்லத் தெளிந்தது.

"அப்ப ஆண்டவருக்கு எம்மேல கோவம் இல்லியா சிஸ்டர்?"

"இல்லக்கா. தப்பு பூரா என்னுது."

"நெஜமாத்தான் சொல்றீங்களா? இப்டி சொல்லச் சொல்லி யாரும் காசு குடுக்கலையே?"

குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. இதையாவது நம்பலாமா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஃபீபி அத்தனை பேர் முன்னாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.