மைமூனுக்கு எழுபத்தைந்து வெள்ளி

மைமூனின் முகத்துக்கு எழுபத்தைந்து வெள்ளி என்று விலை போட்டிருந்தார்கள்.

படச்சட்டத்துக்குக் கீழே ஒரு சின்ன அட்டை. அதில் இங்கிலீஷில் இரண்டு வார்த்தை, அதற்கடியில் எண். தாவூதுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது, எண் தெரியும். தலைகீழாக எழுதினாலும், எறும்பு போலப் பொடியாக எழுதினாலும் தெரியும். கிள்ளான் கடைத்தெருவில் இருபத்திரண்டு வருஷமாகத் துணி அளந்து வெட்டுகிறவர். எழுபத்தைந்து வெள்ளி என்றால், பக்கத்தில் நிற்கிற கிரிகரியின் ஒரு மாதச் சம்பளமும் அதற்கு மேல் கொஞ்சமும்.

விலை தெரிந்துவிட்டது. அது மைமூன்தானா என்பதுதான் தெரியவில்லை.

கிரிகரி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்வாசி. ரயில்வே சரக்குக் கொட்டகையில் எழுத்தர். வருஷம் தவறாமல் கிறிஸ்மஸ் துணிக்குக் கிள்ளானுக்கு வந்து, தாவூத் கடைப் பின்கட்டில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போகிறவர். போன வாரம் கொட்டகைக்கு வந்த சரக்கில் ஒரு பெட்டியைத் திறந்து எண்ணிப் பதியும்படி ஆயிற்று. உள்ளே எல்லாம் படங்கள். யாரோ வெள்ளைக்காரப் பெண் மலாய் நாடெங்கும் சுற்றி வரைந்தவையாம். அதில் ஒன்றைப் பார்த்ததும் கிரிகரி மறுநாளே கிள்ளானுக்கு ரயிலேறி வந்துவிட்டார்.

"பாய், உங்க பின்கட்டு குழாயடி படத்துல இருக்கு. வாய் உடைஞ்சு கம்பி கட்டின அந்தத் தவலை, நீலக் கதவு, எல்லாம் அப்படியே. ஒரு பொம்பள உக்காந்து அரிசி களையுது. அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன். நீங்களே வந்து பாருங்க."

தாவூதின் மனைவி மைமூன் போன நோன்பில் காய்ச்சலில் போய்விட்டாள். அவளுக்கு ஒரு படம் கிடையாது. எடுக்க நினைக்காமலில்லை, எடுக்கப் போனார்கள். அதிராம்பட்டினத்திலிருந்து அவளுடைய தாயார் எழுதிக்கொண்டே இருந்தார், ஒரு போட்டோ அனுப்பு என்று. ஒரு நாள் ரிக்‌ஷா வைத்து அழைத்துப் போனார் தாவூத். போட்டோக் கடைச் சீனர் நாலு வெள்ளி கேட்டார். மூன்றரைக்கு இறங்கினார். தாவூத் மூன்றிலேயே நின்றார். பிறகு, எந்தக் கடையிலும் செய்வதைப் போல, வேண்டாமென்று எழுந்து நடந்தார். நாலாவது அடியில் கூப்பிடுவார்கள் என்பது வியாபாரம் தெரிந்த எவருக்கும் தெரியும். சீனர் கூப்பிடவில்லை. ரிக்‌ஷாவில் காத்திருந்த மைமூன், "சரி, இன்னொரு தடவ பார்த்துக்கலாம்" என்றாள். இன்னொரு தடவை வரவில்லை.

அதனால்தான் ஒரு சனிக்கிழமை, மொத்தக் கடையில் சரக்கெடுக்கப் போகிறேன் என்று இடுப்புவாரில் பணத்தைக் கட்டிக்கொண்டு, கோலாலம்பூரில் ஜாவா தெருப் பக்கம் ஒரு சங்கத்து மண்டபத்தில், துரைமார்களுக்கும் துரைசானிகளுக்கும் நடுவில், குடையும் கையுமாக தாவூத் நின்றுகொண்டிருந்தார்.

தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கிட்டப் போனால் பெண் காணாமல் போய்ச் சாயம் மட்டும் நின்றது, மஞ்சளும் நீலமுமாக. பின்னால் வந்தால் பெண் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டாள். தாவூத் மூன்று தடவை முன்னும் பின்னும் நடந்து பார்த்தார். ஒரு துரைசானி அவருக்கு வழிவிட்டு வழிவிட்டு அலுத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

நாலு மணிக்கு எல்லாரும் உட்கார்ந்ததும் பேச்சு தொடங்கியது. படங்களைத் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தி மாட்டிய துரைக்கு ஹார்க்ரோவ் என்று பெயர். கொக்கு மாதிரி ஒல்லியான மனிதர். கையில் ஒரு பிரம்பு. படத்துக்குப் படம் நகர்ந்து, பிரம்பால் காற்றில் வட்டம் போட்டுப் பேசிக்கொண்டே குழாயடிப் படத்துக்கு வந்து நின்றார்.

"என்னப்பா சொல்றாரு?" என்று கேட்டார் தாவூத்.

கிரிகரி காதுக்குள் சொன்னார். "படத்துக்குப் பேரு 'மஞ்சள், பிற்பகல்'. இது பொம்பள இல்லையாம், பாய்."

"பின்ன?"

"வெளிச்சமாம்."

தாவூத் படத்தைப் பார்த்தார். வெளிச்சம் அரிசி களைந்துகொண்டிருந்தது.

"முகத்துல கண்ணு மூக்கு இல்ல பாருங்க, அது இல்லாததுனாலதான் நமக்கு முகம் தெரியுதாம்."

"எனக்குத் தெரியலயே. நீ சரியாத்தான் சொல்றியா?"

"ஒவ்வொரு வார்த்தையும் புரியுது, பாய். சேர்த்துப் பார்த்தாத்தான் ஒண்ணும் புரியல. இப்ப என்னமோ, மஞ்சளுக்கு எடை இருக்குங்கிறாரு."

"சாயத்த நிறுத்தா விக்கிறாங்க?"

"அது வேற எடை லா, பாய். சும்மா இருங்க, பார்க்கிறாங்க."

துரையின் பிரம்பு இப்போது பெண்ணின் தோளில் போய் நின்றது. மஞ்சளுக்கு நடுவே, அங்கே பழுப்பாக ஒரு திட்டு வழிந்திருந்தது. துரை குரலைத் தாழ்த்தினார். மண்டபமே முன்னால் சாய்ந்தது.

"இங்கதான் விஷயமே இருக்காம்," என்றார் கிரிகரி. "இவ்ளோ அழகா வரைஞ்சிட்டு, அதைத் தானே கலைச்சு விட்டிருக்காங்களாம். பெரிய துணிச்சலாம். இப்படி ஒரு திட்டு வைக்க ஐரோப்பாவுல நாலு பேராலதான் முடியுமாம்."

தாவூத் கழுத்தை நீட்டிப் பார்த்தார். அந்தத் திட்டு அவருக்குத் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த மஞ்சள் மல் துணி. கப்பலில் தண்ணீர் பட்டு, ஒன்றரை கஜத்துக்கு ஒரு தடவை பழுப்பாகக் கறை. யாரும் வாங்கவில்லை. அதில் எட்டு கஜத்தைப் பெருநாளுக்கு மைமூனிடம் கொடுத்தார். "கறை இருக்கே" என்றாள். "கட்டினா மடிப்புல மறைஞ்சிடும்" என்றார். மறையவில்லை. சரியாகத் தோளில் வந்து உட்கார்ந்தது. அவள் அதற்குப் பிறகும் அதையே கட்டிக்கொண்டிருந்தாள். அது மட்டுமல்ல, படத்துப் பெண் முக்காட்டு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். மைமூனும் கடிப்பாள்.

மைமூன்தான் என்று மனசு சொல்வதற்குள், உள்ளே இருந்த வியாபாரி குறுக்கே வந்தான். மீதித் துணி என்ன ஆயிற்று? கிள்ளானை அடுத்த பண்டமாரானில் ஒரு சில்லறைக் கடைக்காரரிடம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். அந்தக் கறையோடு ஏழெட்டுப் பெண்களாவது நடமாடியிருப்பார்கள். அதில் இருவர் அடுத்த சந்துதான். தண்ணீருக்கு அதே குழாயடிக்குத்தான் வருவார்கள். கை இரண்டும் வேலையாயிருந்தால் முக்காட்டைப் பல்லில் கடிக்காத பெண் கிள்ளானில் எங்கே இருக்கிறாள்?

சரி. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று தாவூத் தீர்மானித்தார். துணியையும் அப்படித்தான் பார்ப்பது. முதலில் சரக்கு கைக்கு வரவேண்டும். அதற்கு வழி ஒன்றுதான்: வேண்டுமென்று முகத்தில் காட்டக்கூடாது.

துரை பேச்சை முடித்து, யாராவது ஏதாவது கேட்க விரும்புகிறார்களா என்றார். தாவூத் எழுந்து நின்றார்.

"கிரிகரி, கேளு. இந்தப் பொம்பளைக்கு மூக்கு எங்கன்னு கேளு. விரல் நாலுதான் இருக்கு, அஞ்சாவது எங்கன்னு கேளு. தோள்ல சாயம் ஓடிப்போயிருக்கு, இத எழுபத்தஞ்சு வெள்ளிக்கு எவன் வாங்குவான்னு கேளு."

"பாய், இங்க அப்படியெல்லாம் கேக்க மாட்டாங்க."

"கேளுப்பா. முப்பதுக்கு வரும்."

கிரிகரி மேரி மாதாவை மனசில் நினைத்துக்கொண்டு இங்கிலீஷில் கேட்டார். துரையின் சிரிப்பு உதட்டிலேயே காய்ந்துபோயிற்று. பின்னால் யாரோ கைக்குட்டைக்குள் சிரித்தார்கள். துரை பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். வெயிலில் சிவந்த முகம், கட்டையாக வெட்டிய முடி, நகக்கண்ணில் சாயம். படங்களை வரைந்த மிஸ் பெல்லமி. தாழ்ந்த குரலில் துரையிடம் ஏதோ சொன்னாள்.

முதலாளியே இறங்கி வந்துவிட்டார் என்று தாவூதுக்குத் தெம்பு வந்தது. இனிமேல் நிற்கக்கூடாது. குடையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

ஐந்து.

வாசற்படி வந்துவிட்டது. பின்னாலிருந்து கூப்பிட்டது கிரிகரிதான். மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"பாய், நீங்க சொன்னது சரின்னு சொல்றாங்க அந்தம்மா."

"சரி, எவ்ளோவுக்கு இறங்குறாங்க?"

"எங்க இறங்குறது! படத்தையே இறக்கச் சொல்லிட்டாங்க. அந்தத் திட்டு ஆரம்பத்துலேருந்தே அவங்களுக்குப் பொய்யாப் பட்டுச்சாம். எல்லாரும் புகழ்றாங்களேன்னு சும்மா இருந்தாங்களாம். நீங்க ஒருத்தர்தான் உண்மை சொன்னீங்களாம். ராத்திரியே சாயத்தச் சுரண்டிட்டு அதுமேல வேற வரையப் போறாங்களாம். உங்களுக்கு தேங்க்ஸ் சொல்லச் சொன்னாங்க."

தாவூத் திரும்பிப் பார்த்தார். இரண்டு பியூன்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படத்தை ஆணியிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கட்டைவிரல் சரியாகத் தோள்பட்டையில் இருந்தது.

"ஜாங்ஙான், மெம்! ஜாங்ஙான்!" என்று கத்திக்கொண்டு ஓடினார்.

வேண்டாம் என்கிற அந்த ஒரு மலாய் வார்த்தை மண்டபத்தில் எல்லாருக்கும் புரிந்தது. அதற்குப் பிறகு அவரும் மிஸ் பெல்லமியும் பேசியது பாசார் மலாய், கடைத்தெரு மலாய். இருவருக்கும் சொந்தமில்லாத பாஷை, ஆகவே சுற்றி வளைக்க இருவராலும் முடியவில்லை.

"மோசம்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் அவள்.

"விலைக்காகச் சொன்னேன், மெம்."

"அப்ப மோசம் இல்லையா?"

"அந்தக் கறை பொய் இல்ல. நிஜம். என் கடைத் துணி. கப்பல்ல நனைஞ்சது. நான்தான் கொடுத்தேன்."

"யாருக்கு?"

நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளி ஆட்களிடம் மனைவியைப் பற்றி தாவூத் ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை.

"வீட்டுல," என்றார்.

மிஸ் பெல்லமி படத்தை ஒரு தடவை பார்த்தாள், அவரை ஒரு தடவை பார்த்தாள். "இதுல எது நல்லாயிருக்குன்னு சொல்லுங்க. சுரண்டாம விட்டுடறேன்."

விலை முடியாமல் ஒரு சரக்கை நல்லதென்று அவர் சொன்னதில்லை. விலை முடிந்த பிறகு சொல்ல அவசியமே இருந்ததில்லை. தொண்டையைக் கனைத்தார். குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"கட்டியிருக்கிறது நல்லாயிருக்கு," என்றார் கடைசியில். "கறையோட. நல்லாயிருக்கு."

அவள் பியூன்களைப் பார்த்துக் கையை அசைத்தாள். படம் மேசைமேல் இறங்கியது. பிறகு அவள் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னதுதான் தாவூதின் தலையில் மறுபடி மூட்டத்தைப் போட்டது.

"ஒண்ணு சொல்லிடறேன். எதிர் மாடி ஜன்னல்ல மூணு பிற்பகல் உக்காந்து வரைஞ்சேன். ஒரே ஆள் மூணு நாளும் வரல. துணி ஒருத்தருது, கை ஒருத்தருது. முகம் யாருதுன்னு எனக்கு ஞாபகம் இல்ல. உங்க வீட்டுக்காரங்களா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

"இருக்கட்டும். எழுபத்தஞ்சு வெள்ளி," என்று இடுப்புவாரை அவிழ்த்தார் தாவூத்.

"சுரண்ட இருந்த படம். ஐம்பது போதும்."

"எழுபத்தஞ்சு."

"நாற்பது கொடுங்க."

"அட்டையில எழுபத்தஞ்சுன்னு போட்டிருக்கு, மெம். எழுபத்தஞ்சுதான்."

"பாய்!" கிரிகரி அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "இறங்குறாங்க, பாய்! விடுங்க, இன்னும் இறங்குவாங்க!"

"நீ சும்மா இரு."

ஹார்க்ரோவ் துரை குனிந்து, இங்கே என்ன நடக்கிறது என்று கிரிகரியைக் கேட்டார். விற்கிறவர் குறைக்கிறார், வாங்குகிறவர் கூட்டுகிறார் என்பதை கிரிகரி இங்கிலீஷில் சொல்லித்தான் பார்த்தார். துரை இரண்டு தடவை திருப்பிக் கேட்டார். வார்த்தை எல்லாம் அவருக்கும் புரிந்தது போலத்தான் இருந்தது.

தாவூத் எழுபத்தைந்தையும் எண்ணி வைத்தார்.

மறுநாள் காலை, கடைப் பலகையில் இரண்டை மட்டும் எடுத்துவிட்டு, வந்த வெளிச்சத்தில் படத்தைச் சாய்த்து வைத்துப் பார்த்தார். முழம் போட்டுத் துணி பார்க்கிற கண்ணோடு பார்த்தார். கிட்டப் போனால் சாயம். தள்ளி வந்தால் பெண். ஒரு தடவை மைமூன் நிமிர்ந்து பார்க்கப் போகிறாள் போலிருந்தது. அடுத்த தடவை பண்டமாரானிலிருந்து வந்த யாரோ ஒருத்தி, என்ன பார்க்கிறீர் என்று கேட்பவளைப் போல இருந்தாள். தொழுகிற அறையில் படம் மாட்டக்கூடாது. அலமாரியைத் திறந்து, மைமூனின் துணிகளுக்கு நடுவில், மஞ்சள் மல்லின் பக்கத்தில் வைத்துச் சாத்தினார்.

பிறகு கணக்குப் புத்தகத்தை எடுத்தார். வழக்கம்போல மேலே 786 என்று போட்டார்.

பற்றுப் பக்கத்தில், படம் ஒன்று, எழுபத்தைந்து வெள்ளி. கோலாலம்பூர் போகவர ரயில், ஒரு வெள்ளி இருபது காசு. கிரிகரிக்குத் தேநீரும் பீசாங் கோரெங் பஜ்ஜியும், பதினாறு காசு. ஆக, எழுபத்தாறு வெள்ளி முப்பத்தாறு காசு.

வரவுப் பக்கத்தில் மைமூன் என்று எழுதினார். எண்ணிக்கைக் கட்டத்தில் ஒன்று என்று போடப் பேனாவைக் கொண்டுபோனார். நிச்சயமில்லாத சரக்கை ஒன்று என்று எப்படிப் போடுவது? அரை என்று போடலாமா என்று யோசித்தார். அவள் வெட்டுத்துணியா என்ன? கட்டத்தை வெறுமையாக விட்டார். பக்கம் நேராகவில்லை. இப்படியும் அப்படியும் கூட்டிப் பார்த்தார், இன்னும் நேராகவில்லை. சீனர் கேட்ட மூன்றரையிலிருந்து, தான் நின்ற மூன்றைக் கழித்தார். அடியில் ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே எழுதினார்:

மைமூனுக்கு, போட்டோ வகையில், ஐம்பது காசு. நிலுவை.