மச்சான் போட்ட முதலாளி வேஷம்

பொழுது விடிவதற்கு முன்பே சலவைக்கூடத்தில் வியர்வை ஊற்றத் தொடங்கிவிடும். மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து விழும். நனைந்த விரிப்பை உதறித் தூக்கினாலே தோள்பட்டை கழன்றுவிடும். பெண்கள் இருவர் இருவராக நின்று அதன் முனைகளைப் பிடித்துச் சூடான உருளைக்குள் கொடுப்பார்கள். மறுபக்கம் அது ஆவி பறக்கச் சுருக்கம் நீங்கி வரும். அந்த உருளைக்கு நீராவி அனுப்பும் பாய்லருக்கு முன்னால் அனலில் வெந்துகொண்டு நிற்பது பாய்லர்காரரின் பிழைப்பு. அன்று அவர் கண் பாய்லரின்மேல் இல்லை. உருளையருகே தன் மனைவி நிற்கும் இடத்தில் வேறொருத்தி நிற்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் அவர் மனைவியின் கை உருளைக்குள் போய் வெந்துவிட்டது. முன்பெல்லாம் உருளையின் வாயில் ஒரு தடுப்புக் கம்பி இருந்தது. விரல் பட்டால் எந்திரம் நின்றுவிடும். அடிக்கடி நின்று வேலை கெடுகிறதென்று முதலாளி அதைக் கழற்றிப் போட்டுவிட்டார். இப்போது எல்லாம் அவளுடைய கவனக்குறைவு என்று சொல்லி வேலையைவிட்டும் நிறுத்திவிட்டார். அடுத்து யார் கையோ என்று அங்கே நின்ற ஒவ்வொருத்தியும் விரலை உள்ளிழுத்துக்கொண்டே விரிப்பைக் கொடுத்தாள்.

எல்லோரும் சேர்ந்து போய்க் கேட்க வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் வில்லங்கம். கூடத்தில் பாதிப்பேர் ஒரு கட்சி, மீதிப்பேர் இன்னொரு கட்சி. ஒன்றுக்குக் கிளைச் செயலாளர் பாய்லர்காரர். மற்றதற்கு அவருடைய மச்சான்; மனைவியின் கூடப்பிறந்த தம்பி, அழுக்கு மூட்டை ஏற்றிவரும் வண்டியின் ஓட்டுநர். வாசலில் இரண்டு கொடிக்கம்பங்கள். இவர் தன் கம்பத்தில் ஒரு முழம் குழாயை ஒட்டவைத்தால் அவன் ஒன்றரை முழம் ஒட்டவைப்பான். போன வருஷம் கூலி உயர்வு கேட்டு இவர் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவன் ஆட்கள் உள்ளே போய் வேலை பார்த்தார்கள். அன்றிலிருந்து மாமனும் மச்சானும் கீரியும் பாம்பும்தான். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள்; இங்கே கொண்டாட்டம் முதலாளிக்கு.

அந்தச் சமயத்தில்தான் கட்சிக் கிளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஓர் அமைப்பிலிருந்து ஒரு அம்மா வந்து சேர்ந்தார். அவருக்கு எல்லாக் கட்சியும் ஒன்றுதான். இரண்டு கிளையையும் பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் உட்காரவைத்தார். இவர்கள் இந்தச் சுவரோரம், அவர்கள் அந்தச் சுவரோரம். அவர் கையேட்டைப் பிரித்து, விவசாயிகளைத் திரட்டுவது எப்படி என்று பாடம் எடுத்தார். மச்சான் கொட்டாவி விட்டான்.

"எங்ககிட்ட வயலே இல்லம்மா. அழுக்குத் துணிதான் இருக்கு, அதுல என்னத்த வெதைக்கிறது?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்துவிட்டுக் கையேட்டை மூடிவைத்தார். சரி, நீங்கள் எங்கே தோற்றுப் போகிறீர்கள், அதைச் சொல்லுங்கள் என்றார். ஆளாளுக்கு எதிர்ச்சுவரைக் கைகாட்டினார்கள். கடைசியில் கட்டுப்போட்ட கையோடு மூலையில் இருந்த பாய்லர்காரரின் மனைவிதான் வாயைத் திறந்தாள். முதலாளியின் அறைக்குள் புலியாகப் போகிறவர்கள் பூனையாகத் திரும்பி வருகிறார்களே, உள்ளே என்னதான் நடக்கிறது என்று கேட்டாள். அப்படியானால் அந்த அறையை இங்கேயே நடத்திப் பார்ப்போம் என்றார் அந்த அம்மா.

முதலாளியாக உட்கார மச்சான் தானே முன்வந்தான். நாற்காலியில் சாய்ந்து கால்மேல் கால் போட்டு, முதலாளியைப் போலவே தாடையைத் தடவிக்கொண்டான். இரண்டு சுவரிலும் சிரிப்பு. பாய்லர்காரர் எதிரே போய் நின்றார். கம்பியை மாட்ட வேண்டும், மனைவியைத் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும் என்று அடித்துப் பேசினார்.

மச்சான் குரலைத் தாழ்த்தினான். "வீட்டுல கை எப்படி இருக்கு? பாவம். நாளைக்கே அவங்கள எடுத்துக்கறேன். உக்காந்தே துணி மடிக்கிற மடிப்பு மேஜை வேலை. வைத்தியச் செலவும் என்னோடது. அந்தக் கம்பி விஷயத்த மட்டும் மத்தவங்க பேசிக்கட்டும், நீங்க ஏன் நடுவுல தலையக் கொடுக்கறீங்க?"

இது வேஷம் என்பதே பாய்லர்காரருக்கு மறந்துபோனது. ராத்திரியெல்லாம் வலியில் முனகும் மனைவி மட்டுமே நினைவில் இருந்தாள். தலை மெல்ல ஆடியது.

"சரிங்க" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. மனைவி அவரையே பார்த்தாள். "அப்ப என் எடத்துல நிக்கிறாளே, அவ கை?" என்றாள். பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது அவருக்கு.

எதிர்ச்சுவரில் முணுமுணுப்பு எழுந்தது. மச்சான் நாற்காலியை விட்டு எழுந்து கையமர்த்தினான். முகத்தில் முதலாளித்தனம் போன இடம் தெரியவில்லை.

"மாமாவ யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. இது நானாச் சொன்ன பேச்சு இல்ல. போன வருஷம் வேலைநிறுத்தத்தப்ப மொதலாளி என்னைத் தனியாக் கூப்பிட்டுப் பேசின பேச்சு. வண்டிய எம்பேருக்கு மாத்தித் தர்றேன்னாரு. நானும் இப்படித்தான் தலையாட்டினேன். வண்டி இன்னும் வரல."

பாய்லர்காரருக்கு ரத்தம் கொதித்தது. பாய்ந்துபோய் ஓர் அறை விட்டிருப்பார். ஆனால் தன் தலையும் இப்போதுதானே ஆடியது. எந்த முகத்தோடு கையை ஓங்குவது?

அந்த அம்மா உபதேசம் எதுவும் செய்யவில்லை. ஆளை மாற்றி மாற்றி நடத்திப் பார்க்கச் சொன்னார். தனியே அந்த நாற்காலிக்கு முன்னால் நின்ற எல்லோரும் ஏதோ ஒன்றுக்குச் சறுக்கினார்கள். வாய்ச்சண்டையும் நடந்தது; கொடிக்கம்பத்தின் உயரம்கூடப் பேச்சில் வந்தது. பொழுது சாயும்போது ஒரே ஒரு விஷயத்தில்தான் இரு கட்சியும் ஒத்துப்போயின. அறைக்குள் யாரும் எதையும் முடிவு செய்யக் கூடாது. காதில் விழுந்ததை வெளியே வந்து எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலையில் மாமனும் மச்சானும் சேர்ந்தே முதலாளியின் அறைக்குப் போனார்கள். முதலாளி மச்சானை வெளியே நிற்கச் சொன்னார். பிறகு தாடையைத் தடவிக்கொண்டு, "வீட்டுல கை எப்படி இருக்கு?" என்றார்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. பாய்லர்காரருக்குச் சிரிப்பு முட்டியது. அடுத்து மடிப்பு மேஜை வந்தது, வைத்தியச் செலவு வந்தது. சிரிப்பு போய்ப் பயம் பிடித்துக்கொண்டது. எல்லாம் தெரிந்த பிறகும் தலை ஆடத்தான் பார்த்தது.

"வெளிய சொல்லிட்டு வர்றேங்க."

"இது நமக்குள்ள இருக்கட்டுமே."

"நமக்குள்ள தனியா எதுவும் வேண்டாங்க."

கதவைத் திறந்தார். நடைவழியில் இரு கட்சிக்காரர்களும் நின்றார்கள். அவர் மனைவியும் அவள் இடத்தில் வேலைக்கு நின்றவளும் முன்வரிசையில் இருந்தார்கள். முதலாளி சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னார். மடிப்பு மேஜை என்னும்போது குரல் உடைந்தது.

"எனக்கு மேஜை வேண்டாம். கம்பிய மாட்டச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

முதலாளி வாசலுக்கு வந்தார். வேலைக்குப் போகாவிட்டால் கூடத்தையே பூட்டிவிடுவேன் என்றார். பூட்டக்கூடிய ஆள்தான். ஆனாலும் யாரும் நகரவில்லை.

பாய்லர்காரர் நேரே போய் நெருப்பை அணைத்தார். உருளைக்குப் போகும் நீராவிக் குழாயின் திருகுசக்கரத்தைப் பிடித்தார். அது இறுகிக் கிடந்தது. பின்னாலிருந்து இன்னொரு ஜோடிக் கை வந்து பிடித்தது.

"தள்ளி நில்லுங்க மாமா, ஒரு ஆளுக்கு அசையாது."

"நீயும் சேர்ந்து திருப்புடா."

இருவரும் சேர்ந்து திருப்பி மூடினார்கள். உருளை ஆற வெகுநேரமாகும். பெண்கள் கிடைத்த மூட்டையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பாய்லர்காரரின் மனைவி சற்றுத் தள்ளி உட்கார்ந்து, அவருக்கும் தம்பிக்கும் இடம் விட்டாள்.