பதினோரு சீட்டுகள்

மணி இரண்டே கால். சாப்பாட்டுக்குப் பிந்திய கூட்டம் என்பதால் அரங்கில் பாதி டாக்டர்களுக்குக் கண் சொருகியது. பிசிஓஎஸ் எனும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறை மருத்துவர்களே எப்படிக் கோட்டை விடுகிறார்கள் என்பது அன்றைய பேச்சு. டாக்டரம்மா முன்வரிசையில் இருந்தார். முப்பது வருட அனுபவம், கைராசிக்காரி என்ற பெயர்.

பேசிய ஹார்மோன் டாக்டர் வயதில் இளையவர். திரையில் ஒரு மருந்துச்சீட்டைக் காட்டினார். எழுதியவர் பெயர்மேல் கறுப்புப் பட்டை. கீழே, 'நடக்கவும். வாயைக் கட்டவும்.'

தன் கையெழுத்து என்று டாக்டரம்மாவுக்கு உடனே தெரிந்துவிட்டது.

ஒரே பெண்ணுக்கு ஆறு வருடத்தில் பதினோரு சீட்டு, எல்லாவற்றிலும் அதே வரி. மாதவிலக்கு தள்ளிப்போகிறது என்றதற்கு ஒரு மாத்திரை. தாடையில் முடி என்றதற்குத் தோல் டாக்டரிடம் போகச் சொல்லி ஒரு குறிப்பு. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. ரத்தப் பரிசோதனை ஒன்றுகூட இல்லை.

எழுதியவருக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கிக் கொடுங்கள், அவரும் நடக்கட்டும் என்றார் பின்னால் ஒருவர். அரங்கு விழித்துக்கொண்டு சிரித்தது. டாக்டரம்மாவும் சிரித்தார். சிரித்த பிறகுதான் உடம்பு கூசியது.

"குறை சொல்றதுக்கு இல்ல. எழுதினவங்க இங்க இருந்தா, எங்க தவறுச்சுன்னு சொன்னா எல்லாருக்கும் உபயோகம்," என்றார் ஹார்மோன் டாக்டர்.

கையைத் தூக்கினால் போதும். தூக்க வேண்டும் என்றுதான் டாக்டரம்மா நினைத்தார். கை தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகியது.

அடுத்து அந்த நோயாளியையே பேச அழைத்தார்கள். பள்ளியில் கணக்கு டீச்சர். முப்பத்திரண்டு வயதுக்குள் சர்க்கரையும் வந்திருந்தது. ஒருவேளைதான் சாப்பிடுகிறேன் என்று சொன்னபோது, 'அப்ப காத்தைக் குடிச்சே உடம்பு வச்சிடுச்சாக்கும்' என்று சீட்டு எழுதிய டாக்டர் கேட்டதாகச் சொன்னாள். தானும் கூடச் சேர்ந்து சிரித்தாளாம். வீட்டுக்குப் போய் அந்த ஒருவேளையையும் பாதியாக்கினாளாம். பெயரைச் சொல்லவில்லை. முன்வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை.

கூட்டம் முடிந்ததும் டாக்டரம்மா பக்கவாட்டுக் கதவு வழியே நழுவினார். படிக்கட்டில் டீச்சர் நின்றிருந்தாள்.

"பேரை மறைக்கச் சொன்னது நான்தான், டாக்டரம்மா."

அந்தக் காலத்தில் இதைப் பற்றி இவ்வளவு தெரியாது என்று டாக்டரம்மா ஆரம்பித்தார். ஆனால் அவர் படிக்கும்போதே அது பாடத்தில் இருந்தது. பரீட்சையில் அதற்கு விடைகூட எழுதியிருந்தார். பேச்சைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

டீச்சர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"அது போகட்டும். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் சாப்பிடலன்னு சொன்னப்ப, நான் பொய் சொல்றேன்னுதானே நினைச்சீங்க?"