பொம்மை படுத்திருந்த இடம்

மாப்பிள்ளையின் வலது கால் முழங்காலோடு நசுங்கி, தையல் விட்டு, மணல் கொட்டிக்கொண்டிருந்தது. கவச வண்டியின் முன்சக்கரம் அதன் மேலேயே நின்றுவிட்டது. வேறு நாளாக இருந்தால் குழுவே விழுந்து விழுந்து சிரித்திருக்கும். அன்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மாப்பிள்ளை என்பது எங்கள் போலீஸ் அதிரடிக் குழுவின் பயிற்சிப் பொம்மை. தடித்த துணியில் ஆள் மாதிரி தைத்து, ஒரு முழு மனிதனின் கனத்துக்கு மணல் அடைத்தது. ஒரு வேலையும் செய்யாமல் படுத்திருப்பான், நாங்கள்தான் சுமக்க வேண்டும். வண்டி ஓட்டுகிறவர் என் மனைவியின் அண்ணன். அவர் எல்லோர் முன்னாலும் என்னை 'மாப்ளே' என்றுதான் கூப்பிடுவார். என்னைச் சீண்டுவதற்காகவே பொம்மைக்கும் அந்தப் பெயரை வைத்திருந்தார்கள்.

துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவில் அடிபட்டுக் கிடப்பவரை மீட்டு வருவதற்கான வண்டி அது. சுவரெல்லாம் இரும்பு, ஜன்னல்கள் கையகலம்தான். சுடுகிறவனுக்கும் கிடப்பவருக்கும் நடுவே புகுந்து, கிடப்பவரை ஒட்டியே உருண்டு, இடப்பக்க நடுக்கதவு அவருக்கு நேராக வந்ததும் நிற்க வேண்டும். கதவு திறக்கும், இரண்டு பேர் அவரை உள்ளே இழுப்பார்கள். சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் ஓட்டுநரின் இருக்கை உயரத்தில் இருக்கிறது. கிட்டே வந்த பிறகு தரையில் கிடப்பவர் அவர் கண்ணுக்குத் தெரியவே மாட்டார். அதனால் இடப்பக்க ஜன்னலோரம் ஒருவன் உட்கார்ந்து, வெளியே நீட்டியிருக்கும் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். வா, மெல்ல, நில். அந்த ஆளுக்குக் 'கண்' என்று பெயர். கண் நான்தான்.

"யார் தப்பு இது?" என்று இன்ஸ்பெக்டர் மேடம் கேட்டார். எங்களுக்குப் பயிற்சி கொடுப்பதற்கென்றே வந்திருந்தவர். குரலை உயர்த்தவே மாட்டார், அதுதான் பயமே.

"நான்தான் மேடம். ஸ்டீயரிங் என் கையிலதானே இருந்துச்சு," என்றார் மச்சான்.

நான் கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றேன். வண்டி இடப்பக்கம் சாய்ந்து வருவதை நான் பார்த்தேன். சக்கரம் காலை நோக்கி வருவதையும் பார்த்தேன். அவருக்குத் தெரியாததா, திருப்பிவிடுவார் என்று நினைத்தேன். அதற்குள் ஏறிவிட்டது.

அவர் விஷயத்தில் எனக்கு எப்போதுமே அப்படித்தான். அப்பா இல்லாத வீட்டில் தங்கையைப் படிக்க வைத்து, எனக்குக் கட்டிக் கொடுத்து, என்னைப் பற்றி நாலு பேரிடம் நல்லதாகவே சொல்லி வருகிறவர். அவர் வந்தால் நான் எழுந்துகொள்வேன். ஒரு தடவை குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது அவர் திருப்பத்தைத் தவறவிட்டார். பக்கத்தில் இருந்த நான் வாயே திறக்கவில்லை. வெகுதூரம் போன பிறகு அவரே, "இந்த ரோடு புதுசா இருக்கே மாப்ளே," என்றார். "ஆமா மச்சான், நல்லா போட்டிருக்காங்க," என்றேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

அன்று சாயங்காலம் மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மகளைத் தூக்கிக் கொஞ்சினார், தண்ணீர் குடித்தார், கிளம்பிவிட்டார். வாசற்கதவைச் சாத்திவிட்டு என் மனைவி என்னைப் பார்த்தாள்.

"அண்ணன் முகமே சரியில்ல. நீ ஏதாவது சொன்னியா?"

"நான் ஒண்ணுமே சொல்லல."

"நீ என்னைக்குத்தான் சொன்னே?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை மாப்பிள்ளை கால் தைக்கப்பட்டு, சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நான் தூக்கப் போனேன். மேடம் தடுத்தார்.

"அது அங்கேயே இருக்கட்டும். வண்டிய ஏத்தினாலும் தையல் போட்டுக்கலாம்னு உங்க மனசுக்குத் தெரியுது. இன்னைக்கு ஆள் படுக்கும். நான் படுக்கறேன்."

மச்சான் ஹெல்மெட்டைக் கழற்றினார். "நீங்க வேணாம் மேடம். நான் படுக்கறேன்."

"அப்போ வண்டி?"

"நீங்க ஓட்டுங்க. ஆனா கண்ணு மாப்ளதான்."

மேடம் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நேற்று நடந்தது அவருக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. சாவிக்காகக் கையை நீட்டினார்.

மச்சான் மணல் சிந்திக் கிடந்த அதே இடத்துக்கு நடந்தார். நானும் கூடவே போனேன். போகாதீர்கள் என்று சொல்லத்தான் போனேன், அதையும் சொல்லவில்லை. அவர் கைக்குட்டையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டே கேட்டார்.

"நேத்து நீ பார்த்தியா?"

"பார்த்தேன் மச்சான்."

"அப்புறம் ஏன்டா வாயத் திறக்கல?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை 'டா' போட்டதில்லை. "உங்களுக்கே தெரியும்னு நெனச்சேன்," என்றேன்.

"எனக்கு எல்லாம் தெரியும்னு நீயா நெனச்சுக்கிட்டா எப்படி? உள்ள உட்கார்ந்தா எனக்கு ஒண்ணுமே தெரியாது மாப்ளே. நீ சொன்னாத்தான் தெரியும்." மல்லாந்து படுத்து, கண்கூச முகத்தைச் சுளித்தார். "சீக்கிரம் வாங்க, முதுகு சுடுது."

வண்டிக்குள் மேடம் இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டார். "நான் அவரைத் தேட மாட்டேன். நீ நில்லுன்னு சொல்ற வரைக்கும் வண்டி நிக்காது," என்றார். மச்சானிடமே வாயைத் திறக்காதவன், இன்ஸ்பெக்டரை அதட்ட வேண்டும்.

வண்டி உருண்டது. "வாங்க மேடம்," என்றேன். "இன்னும் வாங்க." கண்ணாடியில் முதலில் அவருடைய காலணிகள் தெரிந்தன. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த குதிகால். சிவப்புக் காலுறை, அது என் மனைவி வாங்கிக் கொடுத்தது. சக்கரம் நெருங்கியது. வண்டி கொஞ்சம் இடப்பக்கம் சாய்கிறதா, எனக்குத்தான் அப்படித் தெரிகிறதா? மேடம் பார்த்துக்கொள்வார் என்று ஒரு நினைப்பு ஓடி வந்தது. அதே பழைய நினைப்பு.

"நில்லு!"

'மேடம்' என்ற சொல்லும் இல்லை, மரியாதையும் இல்லை. தொண்டை கிழிகிற மாதிரி ஒரு கத்தல். வண்டி குலுங்கி நின்றது. பின்னால் கதவருகே இருந்தவன் முன்னால் வந்து மோதினான்.

மேடம் திரும்பவில்லை. "கதவு நேரா வந்துடுச்சா?"

அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். வரவில்லை. சக்கரம் அவர் பாதத்தருகேதான் இருந்தது. இடுப்பும் மார்பும் தலையும் வெட்டவெளியில் கிடந்தன. அந்தப் பக்கம் அடுக்கியிருந்த பீப்பாய்களுக்குப் பின்னால் உண்மையிலேயே ஒருவன் துப்பாக்கியோடு இருந்திருந்தால், என் மச்சான் இந்நேரம் இல்லை. நேற்று வாயை மூடிக்கொண்டு பொம்மையை நசுக்கினேன், இன்று பயத்தில் கத்தி அவரை நடுவெயிலில் விட்டுவிட்டேன்.

"என்ன செய்யணும், சொல்லு," என்றார் மேடம். கால் பிரேக்கிலேயே இருந்தது.

கண்ணாடியில் மச்சானின் கை மேலே எழுந்தது. என் மகளைக் கிட்டே கூப்பிடும்போது செய்வாரே, அதே மாதிரி விரல்களை மடக்கி விரித்தார். வா, வா என்று.

சக்கரத்துக்கும் அந்தத் தேய்ந்த குதிகாலுக்கும் நடுவே இருந்த இடத்தைப் பார்த்தேன். நில் என்று சொன்னபோதுகூட இவ்வளவு பயமாக இல்லை.

"ஸ்டீயரிங்க வலது பக்கம் ஒடி," என்றேன். "கொஞ்சம். போதும். இப்ப வா. மெல்ல."

வண்டி வலப்பக்கம் ஒதுங்கி அசைந்தது. காலணிகள் சக்கரத்தின் நிழலுக்குள் போயின, பிறகு சிவப்புக் காலுறையும் போயிற்று. கை மட்டும் வெயிலில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.